பால்டர்ஸ் கேட் 3 (வீடியோ கேம்): தோப்பை அழிக்காமல் மின்தாராவைச் சேர்க்க முடியுமா?

கேள்வி: ட்ரூயிட்களும் அகதிகளும் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கினால், என் குழுவில் இருக்கும் வில் (Wyll), கார்லாக் இருவரும் விலகிவிடுகிறார்கள். ஆனாலும் எதிரணித் தலைவி மின்தாரா துணைக்கு வேண்டும். வழி உண்டா?

பதில் 1: உண்டுங்க. எதிரிகளான காப்ளின்களின் முகாமில் அவரை மயக்கமடையச் செய்தால் போதும். சண்டைக்கு முன் பாசிவ் (Passives) பகுதியில் நான்-லீத்தல் (கொல்லாமல் வீழ்த்தும்) பொத்தானை இயக்குங்கள். கடைசி அடி கண்டிப்பாக வாளாலோ கையாலோ விழ வேண்டும்; அம்போ மந்திரமோ என்றால் செத்துப்போவார். பலரும் கோட்டை விடுவது இங்கேதான், மந்திரவாதியைத் தள்ளியே நிறுத்துங்கள்.

பதில் 2: பிறகு 2ஆம் அங்கத்தில் மூன்ரைஸ் கோபுரத்து அரியணை மண்டபத்தில் அவருக்கு விசாரணை நடக்கும். முடிந்ததும் கீழே சிறைக்குப் போய் மீட்டுவிடுங்கள். நைட்சாங் என்ற முக்கியக் கதைப்பணியை அதற்கு முன்னால் தொடவே வேண்டாம்.

பதில் 3: 2023 நவம்பரில் வந்த 5ஆம் பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) அல்லது அதற்குப் பிந்தையது இதற்கு அவசியம். தோப்பின் தலைவர் ஹால்சினும் கூடவே இருப்பார், அருமையான கூட்டணி!