சந்தனத் தைலம் அசலா என்று எங்கே பார்ப்பது?

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்காக 10 மில்லி சந்தனத் தைலம் வாங்கினேன், மைசூர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். திறந்ததும் மூக்கைத் துளைக்கிற வாசனை, அரை மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. அசல் அப்படி இருக்காது. வைரம் பாய்ந்த கட்டையை ஆவியில் வடித்து எடுப்பது, மெல்லிசாக ஆரம்பித்து மணிக்கணக்கில் தோலிலேயே தங்கும், அதற்கு அதிலுள்ள சந்தனால் (santalol) என்கிற வேதிப்பொருள்தான் காரணம். விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ செயற்கை வாசனையோ கலப்பது எப்போதும் நடப்பதுதான். வேறு எண்ணெய் கலந்திருந்தால் கறை போகாது என்று தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், மறுநாளும் கறை அப்படியே இருந்தது, ஆனால் நல்ல சந்தனத் தைலமும் மெதுவாகத்தான் ஆவியாகும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மா கழுத்தில் தடவிய இடம் வேறு சிவந்துவிட்டது, மனசு கேட்கவில்லை. கேஸ் குரோமட்டோகிராஃபி, அதாவது தைலத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற சோதனை, பார்த்துத் தருகிற ஆய்வகம் இங்கே யாருக்காவது தெரியுமா? தனி ஆள் கொண்டுபோனால் வாங்குவார்களா, எத்தனை வெள்ளி ஆகும்? அப்புறம், நம்பி வாங்குகிற கடை இருந்தாலும் சொல்லுங்கள்.