மனசை விட்டு நகராத ஒரு காட்சி: பழைய ஹாலிவுட்டின் உழைக்கும் குடும்பங்கள்

பழம்படப்பிரியை
'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்', 1940. நிலத்தை இழந்து பிழைப்புத் தேடி கலிஃபோர்னியாவுக்குப் போகும் ஜோடு என்ற குடும்பத்தின் கதை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். விடிந்ததும் ஓக்லஹோமாவை விட்டுக் கிளம்ப வேண்டும். அம்மா ஜோடு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பழைய பெட்டியைக் கிளறுகிறாள். கடிதங்கள் தீக்குப் போகின்றன. அப்புறம் ஒரு ஜோடி காதணி கையில் அகப்படுகிறது. அதைக் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மாவாக நடித்த ஜேன் டார்வெல் அங்கே அழுதிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அவர் அழவில்லை. அந்தக் காதணியைப் போட்டுக்கொண்டு திரிந்த பெண் யார் என்று தேடுவது போல மட்டும் பார்க்கிறார். துணைநடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. கடைசியில் அவர் பேசும் வசனத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பேசாத ஒரு நிமிஷம் போதும்.

ராத்திரிக்காட்சி
அதே படம்தான், ஆனால் என்னை விடாதது ரொட்டி. சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் அப்பா ஜோடு பத்து சென்டுக்கு ரொட்டி கேட்கிறார். ரொட்டியின் விலை பதினைந்து. பிச்சை கேட்கவில்லை, பத்து சென்டுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வெட்டித் தரச் சொல்கிறார். முழுசாகக் கொடு என்று உள்ளேயிருந்து சமையல்காரர் அதட்டுகிறார். பிள்ளைகள் மிட்டாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது ஒரு பென்னிக்கு இரண்டு என்று பரிமாறும் பெண் சொல்லிவிடுகிறாள். உண்மையில் ஒன்றே ஐந்து சென்ட். அவர்கள் போன பிறகு லாரி டிரைவர் ஒருவர் அதைச் சொல்லிக் காட்டுகிறார். லாரிக்காரர்கள் மீதிச் சில்லறையையும் வாங்காமல் போகிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பொய் தெரிந்திருக்குமா? தெரிந்தும் பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டாரா? ஒவ்வொரு முறையும் இதில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

நிலக்கரி
ராத்திரிக்காட்சி சார், அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். ரொட்டியை முழுசாக வாங்கவே எவ்வளவு தயங்கினார் என்று பாருங்கள்.

என்னுடையது 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' (1941), வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய கணவர் மேல் எல்லோருக்கும் கோபம். அம்மா பனியில் மலையேறிப் போய், கூடியிருந்த தொழிலாளர்கள் முன்னால் நின்று, என் புருஷன் மேல் கை வைத்தால் உங்களை விட மாட்டேன் என்கிறாள். அம்மாவாக நடித்தவர் சாரா ஆல்குட். அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டுமே ஜான் ஃபோர்டு இயக்கியவை. 'கிரேப்ஸ்' படத்தில் ஜோடு வீட்டு மகன் டாம் போராட்டத்தை நோக்கி நடக்கிறான். மற்றதில் சங்கம் வேண்டும் என்கிற மகன்கள் சாப்பாட்டு மேசையை விட்டே எழுந்து போகிறார்கள். 'கிரேப்ஸ்' பார்ப்பதற்கு முன் ஸ்டைன்பெக்கின் 1939 நாவலையும் படித்துவிடுங்கள். நாவலில் அரசு முகாம் முதலில் வரும், பீச் பழத் தோட்டத்துக் கொடுமை பிறகு வரும். படத்தில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதனால் படம் நம்பிக்கையில் முடிகிறது, நாவலோ வெள்ளத்திலும் இறந்து பிறந்த குழந்தையிலும் போய் நிற்கிறது. எந்த முடிவு நியாயம் என்று நீங்களே தீர்மானியுங்கள். வண்ணம் பூசிய பிரதி எதுவும் வேண்டாம். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் இருட்டு கறுப்பு வெள்ளையில்தான் பேசும். நிலத்தை விட்டுப் போக மறுக்கும் மியூலி மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து கதை சொல்லும் இடத்தை அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

மாடிப்படி
யோசனை யாரும் கேட்கவில்லையே நண்பரே. இருந்தாலும் மியூலி பற்றிச் சொன்னது சரி.

எனக்கு 'எ ட்ரீ க்ரோஸ் இன் புரூக்ளின்' (1945), எலியா கசானின் முதல் முழுநீளப் படம். அப்பா ஜானி நோலன் குடிப்பார், பாடுவார், வேலை நிலைக்காது. பனிக்காலத்தில் வேலை தேடிப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. மகள் பிரான்சி அழவே மாட்டாள். பள்ளிப் பட்டமளிப்பு நாளில் மேசையில் ஒரு பூங்கொத்து, அட்டையில் அப்பாவின் கையெழுத்து. முன்கூட்டியே பெரியம்மா சிஸ்ஸியிடம் காசு கொடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் ஒரு சென்ட் மிஞ்சாத காலத்தில் அந்தக் காசை அவர் குடித்துத் தீர்க்கவில்லை. அங்கேதான் பெண் உடைகிறாள், நானும். ஜானியாக நடித்த ஜேம்ஸ் டன்னுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், சரியான ஆளுக்குக் கொடுத்தார்கள்.

பழம்படப்பிரியை
பூங்கொத்தை எப்படி மறந்தேன்!

நிலக்கரி அண்ணா, நம்பிக்கையோடு முடிந்தால் குறையா? 'எ ரெய்சின் இன் தி சன்' (1961) பாருங்கள், சிகாகோவின் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. அப்பாவின் காப்பீட்டுப் பணம் பத்தாயிரம் டாலர். அதில் மூவாயிரத்து ஐந்நூறு வீட்டுக்கு முன்பணமாகப் போகிறது. மீதியை மகன் வால்டர் தொலைத்துவிட்டான். வெள்ளையர் குடியிருப்பிலிருந்து ஒருவன் வருகிறான்: நீங்கள் குடிவராமல் இருந்தால் காசு தருகிறோம். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வால்டர் நிற்கிறான். கதையை எழுதிய லொரெய்ன் ஹான்ஸ்பெரி சும்மா கற்பனை செய்யவில்லை. அவருடைய அப்பா சிகாகோவில் அப்படியொரு வீட்டை வாங்கி உச்ச நீதிமன்றம் வரை போனவர். பேரனை வெளியே அனுப்பலாம் என்கிறபோது பாட்டி விடுவதில்லை. இங்கேயே நில், உன் அப்பா செய்வதைப் பார் என்கிறாள். வால்டராக நடித்த சிட்னி பாய்ட்டியே பையன் பக்கம் திரும்புகிற இடம் வரை எனக்கு மூச்சு வராது. அந்தப் பையனை மட்டும் அனுப்பியிருந்தால் வால்டர் பணத்தை வாங்கியிருப்பான். இதில் யாரோடும் விவாதிக்க நான் தயார்.