டூயல் கிளட்ச் கார் டிராஃபிக்ல உதறுது, எந்த கியர்பாக்ஸ் ட்யூன் போடலாம்? ஜெர்மனி, அவசரம்

கோவை_டு_நெக்கர்
வணக்கம்ங்க. ஸ்டுட்கார்ட் பக்கம் குடி வந்து கொஞ்ச மாசம்தான் ஆச்சு. போன மாசம் ஒரு டீலர்கிட்ட பழைய டூயல் கிளட்ச் கார் (ரெண்டு கிளட்ச் வெச்சு தானா கியர் மாத்திக்கிற வண்டி) வாங்கினேன். காலைல ஆபீஸ் போறப்ப நெரிசல்ல ஊர்ந்து போனா, ரெண்டாவது கியர்ல இருந்து ஒண்ணுக்கு இறங்கற நேரம் வண்டி உதறுதுங்க. வீட்ல மாசமா இருக்காங்க. அவங்களை உட்கார வெச்சு ஓட்டறப்ப ஒவ்வொரு உதறலுக்கும் மனசு பதறுது. கூட வேலை செய்யறவர், "கம்பெனி சாஃப்ட்வேரே அப்படித்தான், கியர்பாக்ஸ் ட்யூன் போட்டா சரியாயிடும்"ங்கறார். ரெண்டு கோட்டேஷன் வந்திருக்கு. ஸ்டேஜ் 1னா கியர் மாறற ஆர்பிஎம்மை மட்டும் திருத்துவாங்களாம். ஸ்டேஜ் 2னா கிளட்ச் பிரஷர், டார்க் (முறுக்குவிசை) லிமிட், நின்ன இடத்துல இருந்து படுவேகமா கிளம்பற லாஞ்ச் கன்ட்ரோல் எல்லாம் சேர்த்து. விலையில பெரிய வித்தியாசமில்லை. நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். தினசரி ஓட்டறதுக்கு எது நல்லதுங்க?

பேடன்_பாண்டியன்
அதெல்லாம் இருக்கட்டும், லைசென்ஸ் என்னாச்சு? நம்ம இந்திய லைசென்ஸ் இங்க குடியேறி ஆறு மாசம் வரைக்கும்தான் செல்லும். அப்புறம் தியரி, பிராக்டிகல் ரெண்டும் பாஸ் பண்ணியாகணும். தியரியை இங்கிலீஷ்ல எழுதலாம், தமிழ் கிடையாது. கண் சோதனை, முதலுதவி வகுப்பு, லைசென்ஸ் மொழிபெயர்ப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் அலையணும். என் முதல் குளிர்காலம் முழுக்க இதுலயே போச்சு. இருட்டுல ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போவேன், கையுறைக்குள்ள விரல் மரத்துப்போகும். இன்னொண்ணு, ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் கொடுத்தா லைசென்ஸ்ல 78னு குறி விழும், அப்புறம் கியர் வண்டி ஓட்ட முடியாது. 2021 ஏப்ரல்ல இருந்து பி197னு ஒரு வழி வந்திருக்கு, ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் கொடுத்தாலும் கியர் வண்டி ஓட்டலாம், அதை ஃபார்ஷூல்ல (டிரைவிங் ஸ்கூல்ல) விசாரிங்க.

கோவை_டு_நெக்கர்
ரொம்ப நன்றிங்கண்ணா. ஆறு மாசம் இன்னும் முடியலை, ஃபார்ஷூல்ல பேர் கொடுத்திருக்கேன். ட்யூன் பத்தி யாராவது சொல்லுங்களேன்.

மைன்_ஆர்பிஎம்
கண்ணை மூடிட்டு ஸ்டேஜ் 2 போடுங்க ப்ரோ. கம்பெனி மேப் (கியர்பாக்ஸ் சாஃப்ட்வேர்) மைலேஜுக்காக எழுதினது. டி மோடுல (சாதாரண ஓட்டம்) 50ல போனாலே மேல் கியருக்கு ஏத்தி இன்ஜினை 1,200 ஆர்பிஎம்ல திணற விடும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு யோசனை பண்ணிட்டுத்தான் கீழ் கியருக்கு வரும். என் வண்டில ட்யூன் போட்டதும் அந்தத் திணறல் சுத்தமா போயிடுச்சு. சிட்டியில டி மோடு, ஆட்டோபான்ல எஸ் மோடு (ஸ்போர்ட்), ரெண்டும் பிரமாதம். கிளட்ச் பிரஷர் ஏத்தினா கிளட்ச் வழுக்காது, ஆயுளும் கூடும்.

ஹாம்_அண்ணன்
தம்பி, அதில கை வைக்காதேங்கோ. நான் எண்பதுகளின்ர கடைசியில வந்தனான். அகதி முகாமில இருந்து, ரெஸ்டோரண்டில கோப்பை கழுவித்தான் முதல் கார் வாங்கினது. இந்த நாட்டில காருக்குள்ள என்னத்தை மாத்தினாலும் பேப்பர் வேணும். சொஃப்ட்வெயர் மாத்தினதால புகையோ சத்தமோ கூடினால் வண்டியின்ர பெட்ரீப்ஸ்எர்லௌப்னிஸ், அதாவது ரோட்டில ஓட்டுற அனுமதி, செல்லாமல் போயிடும். இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லாமல் ஓடி, ஆரையும் இடிச்சால் பிறகு காசுக்கு அவன் உங்களைத்தான் பிடிப்பான். எங்கட கோயில் தேருக்கு ஊரூரா வாற சனத்தின்ர வாகனங்களை ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். ட்யூன் செய்த வண்டியளை பொலிஸ் மறிச்சு வைச்சிருக்கிறதும் கண்டிருக்கிறன்.

மைன்_ஆர்பிஎம்
அண்ணே, அது இன்ஜின் ட்யூனுக்கு. கியர்பாக்ஸ் மட்டும் மாத்தினா ட்யூஃப்ல (வண்டி சோதனையில) யாரும் கேட்கிறதில்லை.

ஹாம்_அண்ணன்
கேக்கேல்லை எண்டதுக்காக அனுமதி இருக்கெண்டு ஆகாது தம்பி. கியர் மாறுற இடம் மாறினால் புகையும் மாறும்தானே.

எசன்_தேவி
எனக்கு இந்த ஊர்ல எரிச்சலே இதுதான். எதுக்குப் போனாலும் டெர்மீன் (அப்பாயின்ட்மென்ட்). கார் பதிவுக்கு டெர்மீன், விசாவுக்கு டெர்மீன், டாக்டருக்கு டெர்மீன். ஒர்க்‌ஷாப்ல நம்ம உடைஞ்ச ஜெர்மனைக் கேட்டதும் பேச்சையே முடிச்சிடுறாங்க.

பேடன்_பாண்டியன்
உண்மை. ஊர்ல தெருமுனை மெக்கானிக் வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். இங்க கம்ப்யூட்டரைச் செருகாம பானெட்டைக்கூட திறக்க மாட்டாங்க, அதுக்கும் மணிக்கணக்குல பில்.

மெக்கட்ரானிக்_மீனா
தம்பி கேட்டது வேற, நாம போயிட்டிருக்கிறது வேற. நான் இங்க ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குறேன், இந்தக் கியர்பாக்ஸ்தான் தினமும் என் மேஜையில கிடக்கு. நாளைக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க. மொதல்ல நாலு விஷயம் சொல்லுங்க: எத்தனை கியர், என்ன இன்ஜின், எத்தனை கிலோமீட்டர், சர்வீஸ் புக்குல கியர்பாக்ஸ் எண்ணெய் எப்ப மாத்தினதா இருக்கு? ஏழு கியர்னு மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது. ஃபோக்ஸ்வாகன் குரூப்ல டிக்யூ200 உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்குக் கட்டினது. டிக்யூ381ம் ஏழு கியர்தான், ஆனா எண்ணெயில ஓடுற கிளட்ச். ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

கோவை_டு_நெக்கர்
ஆறு கியருங்க அக்கா. 2.0 டீசல், 150 குதிரைத்திறன். 1,24,000 கி.மீ. 60,000ல எண்ணெய் மாத்தினதா சீல் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லைங்க.

மெக்கட்ரானிக்_மீனா
இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் நீங்க தவிச்சிருக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டின்னா அது டிக்யூ250, எண்ணெய்க் கிளட்ச். 60,000 கி.மீக்கு ஒரு தடவை எண்ணெயும் ஃபில்டரும் மாத்தணும். 1,20,000ல மாத்த வேண்டியது விட்டுப்போயிருக்கு. அந்த எண்ணெய்தான் கிளட்சுக்குக் குளிர்ச்சியும் கொடுக்குது, மெக்கட்ரானிக்கோட (கியர்பாக்ஸை இயக்குற கன்ட்ரோல் யூனிட்) வால்வுகளையும் இயக்குது. அது கெட்டா, ஊர்ந்து போறப்ப கிளட்ச் பிடிக்கிறதும் விடுறதும் சீரா இருக்காது. எண்ணெய் அளவை 35ல இருந்து 45 டிகிரிக்குள்ள சூடு இருக்கறப்பதான் பாக்கணும், அதனால கம்ப்யூட்டர் செருகற ஒர்க்‌ஷாப்பாவே பாருங்க. முடிச்சதும் பேசிக் செட்டிங் போடச் சொல்லுங்க. கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு கியர்பாக்ஸ் மறுபடி கத்துக்கிறது அதுலதான். ட்யூன் போட்டவங்களும் பெரும்பாலும் கடைசியில இதே பேசிக் செட்டிங்கைப் போடுறாங்க. "ட்யூனுக்கு அப்புறம் வண்டி வழவழன்னு ஆயிடுச்சு"ன்னு சொல்றதுல பாதி இதோட வேலை.

ஸ்டேஜ் 2 உங்களுக்குத் தேவையே இல்லை. உங்க இன்ஜின் கொடுக்கறது 340 நியூட்டன் மீட்டர் வரைக்கும். அந்தக் கியர்பாக்ஸ் 350ஐத் தாங்கற மாதிரி வந்தது. இன்ஜினை ட்யூன் பண்ணி அதைத் தாண்டினாத்தான் பிரஷரும் டார்க் லிமிட்டும் ஏத்தணும். இன்ஜின் அப்படியே இருக்க, பிரஷரை மட்டும் ஏத்தினா நெரிசல்ல கிளட்ச் இன்னும் வெடுக்குனு பிடிக்கலாம். லாஞ்ச் கன்ட்ரோல் வெச்சு நீங்க ஆபீஸ் போகப் போறதில்லை. மைன் தம்பி சொன்ன 1,200 ஆர்பிஎம் திணறல் உண்மைதான், அதுக்கு ஸ்டேஜ் 1 போதும். அதையும் வண்டி ஆரோக்கியமா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு யோசிங்க, ட்யூனர்கிட்ட டைலெகுட்டாஹ்டன் (அந்த மாற்றத்துக்கான சோதனைச் சான்று) இருக்கான்னு எழுத்துல கேட்டுட்டு.

இப்ப ரொம்ப முக்கியமானது. டீலர்கிட்ட வாங்கியிருக்கீங்க, ஒரு மாசம்தான் ஆச்சு. கெவேர்லைஸ்டுங் (வித்த பொருளோட கோளாறுக்கு வித்தவர் பொறுப்பு) சட்டப்படி முதல் ஒரு வருஷத்துல தெரியவர்ற கோளாறு, வாங்கறப்பவே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது டீலர். 2022க்கு முன்னாடி அது ஆறு மாசமா இருந்தது. இப்ப சாஃப்ட்வேரை மாத்திட்டீங்கன்னா, "உதறலுக்கு ட்யூன்தான் காரணம்"னு அவர் கையை விரிக்க நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

மைன்_ஆர்பிஎம்
எண்ணெய் விட்டுப்போனது தெரியாமத்தான் சொன்னேன். அக்கா சொல்ற வரிசை சரி. எண்ணெய் மாத்தினதும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க ப்ரோ.

கோவை_டு_நெக்கர்
ட்யூனருக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டேன்ங்க. டீலருக்குப் போன் பண்ணவா?

மெக்கட்ரானிக்_மீனா
போன் வேண்டாம், மெயில் போடுங்க. வாங்கின தேதி, இப்போதைய கிலோமீட்டர், எந்த வேகத்துல எந்தக் கியர்ல உதறுது, எல்லாத்தையும் எழுதுங்க. டாஷ்போர்டு தெரியற மாதிரி ஒரு வீடியோ எடுத்துச் சேருங்க, நீங்க ஓட்டறப்ப பக்கத்துல இருக்கறவங்க எடுக்கணும். "நாஹெர்ஃப்யூலுங்" (கோளாறைச் சரி பண்ணித் தர்றது) கேட்கிறேன்னு அந்த வார்த்தையையே போட்டு, ரெண்டு வாரம் கெடு கொடுங்க. பதில் வர்றதுக்குள்ள வெளியில எங்கயும் எண்ணெய் மாத்திடாதீங்க, சரி பண்ற வாய்ப்பை மொதல்ல அவருக்குத்தான் கொடுக்கணும்.

அதுவரைக்கும் நெரிசல்ல இஞ்ச் இஞ்சா நகர்த்தாதீங்க. முன்னாடி வண்டி நல்லா விலகட்டும், அப்புறம் பிரேக்கை முழுசா விட்டு ஒரே மூச்சுல நகர்ந்து போய் நில்லுங்க. பிரேக்கைப் பாதி பிடிச்சபடி ஊர்ந்தா கிளட்ச் பாதி பிடியிலயே தேயும். மெயிலை ஜெர்மன்ல எழுதிட்டு இங்க ஒட்டுங்க, அனுப்பறதுக்கு முன்னாடி நான் பார்த்துத் திருத்தித் தர்றேன்.