புதுப்பிப்பு: பேனாத் திரையில் கோடு விலகிய பிரச்சினை தீர்ந்தது

பேனாவால் நேரடியாகத் தொட்டு வரையும் என் திரையில், பேனா முனை ஓரிடம் இருக்க, கோடு ஒரு விரல் தள்ளி விழுகிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பழைய டேப்லெட்டின் (வரைபலகையின்) டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கணினியில் அப்படியே கிடந்து புதியதோடு மோதியிருக்கிறது. இரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, புதியதை மட்டும் போட்டேன். அப்புறம் டிரைவர் அமைப்பில் பேனாவுக்குரிய திரையாக மடிக்கணினியின் திரையை விட்டு இந்தப் பேனாத் திரையைத் தெரிவு செய்தேன். அளவுதிருத்தத்தை (பேனா முனையையும் திரைப் புள்ளியையும் பொருத்துவதை) நீங்கள் வழக்கமாகக் குனிந்து வரையும் நிலையிலேயே இருந்து செய்யுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதால், பார்க்கும் கோணம் மாறினால் புள்ளியும் விலகித் தெரியும்.

கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் பேனாவின் அழுத்தம் வேலை செய்யாதது வேறு சிக்கல். பேனா உள்ளீட்டை விண்டோஸ் இங்க்குக்கு (விண்டோஸின் சொந்தப் பேனா வசதிக்கு) மாற்றியதும் தீர்ந்தது.

கொழும்புப் புழுக்கத்தில் கை திரையில் ஒட்டுகிறது, கையுறை கட்டாயம் வேண்டும். நேற்றிரவு வெள்ளவத்தைக் கடலோர ரயில் பாதையை வரைந்து முடித்தேன். அவ்வளவு சந்தோஷம்!