விண்டோஸ் 11 போட்டால், பக்கம் வடிவமைக்கும் பழைய சாப்ட்வேரான பேஜ்மேக்கர் ஓடாதாம். யார் சொன்னது?

மிண்ட்_அச்சகம்:
அச்சகக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவி குரல்பதிவு போட்டிருக்கிறார். "விண்டோஸ் 11 வெறும் 64 பிட், பேஜ்மேக்கர் 32 பிட், ஓடவே ஓடாது, தூக்கிப் போட்டுவிட்டு, அதே வேலைக்கான புது சாப்ட்வேர் இன்டிசைனுக்குச் சந்தா கட்டி வந்துவிடுங்கள்" என்று. கேட்டதிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. பிட் என்பது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் சாப்ட்வேர் ஓடும். ஓடாதது 16 பிட். இதுகூடத் தெரியாமல் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடை வைத்திருப்பவர்களை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? என் கடையில் 11 போட்ட சிஸ்டத்தில்தான் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரம்பூர்_லேஅவுட்:
அந்த மேதாவி நான்தான் அண்ணே, பேர் சொல்லியே திட்டியிருக்கலாம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. இன்னும் எத்தனை காலம் அதையே பிடித்துத் தொங்குவது? ஓடாது என்றால் ஓடாதுதான். பக்கத்துக் கடையில் பழைய சிடியைப் போட்டதும் இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது என்று வந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

மிண்ட்_அச்சகம்:
அது இன்ஸ்டாலர், தம்பி! அந்தக் காலத்து சிடிகள் பலவற்றில் சாப்ட்வேர் 32 பிட்டாக இருக்கும், அதை ஏற்றுகிற இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வாசற்படி இடித்தால் வீடே இல்லை என்பீர்களா? 32 பிட் ஓடும். திரும்பச் சொல்கிறேன், ஓடும்.

கொருக்குப்பேட்டை_பிளக்ஸ்:
இரண்டு பேரும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? நான் கோரல் 12 என்ற டிசைன் சாப்ட்வேரை வைத்தே கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சி பேனர் எல்லாம் முடித்துவிடுகிறேன். ராத்திரி சாவு விழுந்தால் விடிவதற்குள் போஸ்டர் சுவரில் இருக்கும். பிட்டாவது புட்டாவது.

பெரம்பூர்_லேஅவுட்:
உங்கள் அஞ்சலி போஸ்டரில் இறந்தவர் பேரிலேயே ஒற்றுப்பிழை இருந்ததைத்தான் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பார்த்துச் சிரித்தார்களே அண்ணே.

கொருக்குப்பேட்டை_பிளக்ஸ்:
மாட்டர் கொடுத்தவன் எழுதியதைத்தான் போட்டேன். நீ பெரிய தமிழ்ப் புலவர் மாதிரி பேசாதே.

காசிமேடு_டிடிபி:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். என் சிஸ்டத்தில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர். விண்டோஸ் 11 ஏறாது, எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும் என்று சர்வீஸ் பையன் சொல்கிறான். நெட்டைப் பிடுங்கிவிட்டு 10லேயே பேஜ்மேக்கரை ஓட்டலாமா? பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

மிண்ட்_அச்சகம்:
அக்கா, உங்களுக்கு அப்புறம் சொல்கிறேன். முதலில் இவர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். இன்டிசைனுக்கு வா வா என்கிறாரே, சந்தா கட்டி வாங்கும் இன்டிசைன் பேஜ்மேக்கர் பைலைத் திறக்குமா? திறக்காது. சிஎஸ்6 என்ற பழைய இன்டிசைன் பதிப்பு வரைக்கும்தான் திறந்தது, 2013இல் சந்தா பதிப்பு வந்ததும் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அப்படியானால் அக்கா வைத்திருக்கும் பத்திரிகைகளை என்ன செய்வது, கூவத்தில் போடுவதா? இதை அந்தக் குரல்பதிவில் சொன்னீர்களா? 32 பிட் ஓடாது என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. எங்கள் அப்பா ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்து மின்ட் தெருப் பக்கம் தொழில் செய்கிறோம், எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நேற்று வந்தவர்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

பெரம்பூர்_லேஅவுட்:
பரம்பரைக் கதை ஆரம்பித்துவிட்டது! சரி, நான் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை உங்கள் பேஜ்மேக்கரில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. நீங்கள் வைத்திருப்பது ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழைச் சொருகிய பாண்ட். 1999இல் டேம், டேப் என்று தமிழ் பாண்டுகளுக்கு அரசே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது, 2010இல் யூனிகோடுக்கே மாறச் சொல்லி ஆணை போட்டது, நீங்கள் இன்னும் யூனிகோடைப் பழைய பாண்டுக்கு மாற்றும் கன்வர்ட்டரில் போட்டு, உடைந்த ஸ்ரீயை உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மிண்ட்_அச்சகம்:
நான் கேட்டது பாண்ட் பற்றியா? 32 பிட் ஓடுமா, ஓடாதா? ஆம், இல்லை, ஒரே வார்த்தை.

பெரம்பூர்_லேஅவுட்:
திறந்தால் போதுமா? பிடிஎப் எடுக்க, முதலில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரில் பிரிண்ட் பைலாக்கி, பிறகு அதை டிஸ்டிலரில் பிடிஎப் ஆக்கி என்று ஊரைச் சுற்றி வர வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது ஓடாத கணக்குதான்.

மிண்ட்_அச்சகம்:
பார்த்தீர்களா, "ஓடவே ஓடாது" என்பது "ஓடாத கணக்கு" என்று தேய்ந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ராயபுரம்_சர்வீஸ்:
கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கும் வெர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அதற்குள் பேஜ்மேக்கரை வைத்தால் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. பழைய பைல் அங்கே, புது வேலை வெளியே. டோங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் சொருகும் லைசென்ஸ் சாவி, வைத்த தமிழ் பாண்ட் என்றால் மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

மிண்ட்_அச்சகம்:
நேராகவே ஓடும்போது எதற்கு இன்னொரு பெட்டி? உங்களுக்கு சர்வீஸ் சார்ஜ் வேண்டும், அவ்வளவுதானே.

ராயபுரம்_சர்வீஸ்:
போன தடவை ஹார்ட் டிஸ்க் போனபோது பாதி ராத்திரியில் யாருக்கு போன் போட்டீர்கள் தலைவரே? அந்தக் காசே இன்னும் வரவில்லை.

பெரம்பூர்_லேஅவுட்:
ஆகா! சாப்ட்வேர் பர்மா பஜார் திருட்டு சிடி, சர்வீஸ் கடன். இவர்தான் எல்லாருக்கும் புத்தி சொல்கிறார்.

மிண்ட்_அச்சகம்:
சிடி எங்கே வாங்கினேன் என்று நீ பார்த்தாயா? என்னிடம் லைசென்ஸ் பெட்டியோடு இருக்கிறது. நீ முதலில் என் வாடிக்கையாளரிடம் போய் பத்திரிகைக்கு ரேட்டைக் குறைத்துச் சொன்ன கதையைச் சொல். கொடுங்கையூர் மண்டபத்துக்காரர் என்னிடம் வந்து எல்லாம் சொல்லிவிட்டார்.

பெரம்பூர்_லேஅவுட்:
ரேட் குறைத்ததால் வரவில்லை அண்ணே. ப்ரூப்பை போனிலேயே அனுப்புங்கள் என்றதற்கு நீங்கள் கடைக்கு வரச் சொன்னீர்களாம். அதனால் வந்தார்.

கொருக்குப்பேட்டை_பிளக்ஸ்:
அந்த மண்டபத்துக்காரர் எனக்கும் பேனர் காசு தரவேண்டும். பார்த்தால் சொல்லுங்கள்.

காசிமேடு_டிடிபி:
யாராவது நான் கேட்டதற்குச் சொல்லுங்கள். நெட் இல்லாமல் 10லேயே இருக்கலாமா, கூடாதா? பென் டிரைவ் நாலு பேர் கொண்டுவந்து சொருகும் கடை என்னுடையது.

மிண்ட்_அச்சகம்:
இருக்கலாம் அக்கா, ஒன்றும் ஆகாது. ஆனால் புது சிஸ்டம் வாங்கினாலும் பயப்படாதீர்கள், 32 பிட் ஓடும்.

ராயபுரம்_சர்வீஸ்:
பென் டிரைவ் வருகிறது என்கிறார், ஒன்றும் ஆகாதாமே! அக்கா, முதலில் பழைய பத்திரிகை எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

பெரம்பூர்_லேஅவுட்:
ஓடாது.

மிண்ட்_அச்சகம்:
ஓடும். வீடியோ போடுகிறேன், இரு.