புதுப்பிப்பு: கிரேடு 1 கட்டி முதுகுத்தண்டுக்குப் பரவுமா?

அண்ணன் மகனுக்குச் சிறுமூளையில் இருந்த பைலோசைடிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் மூளைக் கட்டியை எடுத்தாயிற்று, கிரேடு 1தான், அதாவது வீரியம் மிகக் குறைந்த வகைதான் என்றார்கள். அப்புறம் ஏன் முதுகுத்தண்டு எம்ஆர்ஐயில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர் வழியாகக் கட்டியின் செல்கள் இறங்கி, தண்டுவடத்தை மூடியிருக்கும் சவ்வில் ஒட்டியிருக்கின்றன. கிரேடு 1இல் இது அபூர்வம், ஆனால் நடப்பதுண்டு. பரவியதாலேயே கட்டி வீரியமானதாக மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. சில சமயம் ஆண்டுக்கணக்கில் வளராமலும் கிடக்குமாம். அண்ணிக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பாவம், அவர் சாப்பிட்டே நாளாகிறது.

கட்டியின் மரபணுப் பரிசோதனையில் பிராஃப் இணைவு, அதாவது பிராஃப் என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு செல்களை வளரத் தூண்டும் மாற்றம், இருப்பது தெரிந்தது. முதலில் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் கொடுத்தார்கள். கார்போபிளாட்டின் ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை அடிக்கடி வருவதுதானாம். இப்போது அந்த வளர்ச்சித் தூண்டுதலைத் தடுக்கும் டிராமெட்டினிப் மாத்திரை. அது இதயத்தையும் கண்ணையும் பாதிக்கலாம் என்பதால் இதயத்துக்கு எக்கோ, கண் பரிசோதனை எல்லாம் அவ்வப்போது உண்டு. மாத்திரையின் பக்கவிளைவாகக் கால் பெருவிரல் நகக்கண் சிவந்து வீங்கி, செருப்புப் போடவே அழுகிறான். இதே மாத்திரை எடுக்கும் குழந்தைகளின் பெற்றோர் யாராவது இருந்தால், நகக்கண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.