டிஹியூமிடிஃபையருக்குத் தமிழ்ச்சொல்: 'ஓதநீக்கி' ஏன் வேண்டாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றின் ஈரத்தை இறக்கும் டிஹியூமிடிஃபையர் என்ற இயந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் விவாதத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும் முன் அதனோடு சில நாள் குடித்தனம் நடத்திப் பார்க்கவேண்டும் என்பது, கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் என் கட்சி. இந்த இயந்திரத்தோடு நான் ஒரு மழைக்காலமே குடித்தனம் நடத்தியாயிற்று. வீடு ராயபுரத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். ஐப்பசி பிறந்தால் அப்பளம் நமத்துப்போகும். தை வரும்வரை பீரோவில் இருக்கும் பட்டுப் புடவைகளுக்கு அம்மா காவல் இருப்பார்.

இதுவரை வந்த சொற்களில் 'ஓதநீக்கி'க்குத்தான் ஆதரவு அதிகம். அதை முன்வைத்த திருவொற்றியூர் அண்ணன் சொல்லும் காரணம் வலுவானது: ஈரப்பதம் வானிலை அறிக்கையின் சொல், ஓதம் வீட்டுச் சொல். உண்மைதான். எங்கள் தெருவில் 'சுவரில் ஈரப்பதம் மிகுந்துவிட்டது' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'சுவர் ஓதம் காத்துவிட்டது' என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் பிரித்தால் ஓதத்துக்கு ஈரம், வெள்ளம், கடல், அலை என்று வரிசையாகப் பொருள் நிற்கிறது. பள்ளிப் புவியியல் பாடத்தில் கடல் ஏறி வற்றுவதும் ஓதம்தான். காசிமேட்டு அலைக்கும் எங்கள் கூடத்துச் சுவருக்கும் ஒரே சொல் என்றதும் நானும் முதலில் மயங்கினேன்.

மயக்கத்தைத் தெளிவித்தது அந்தச் சுவர்தான். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு வெளுத்து, உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் சாந்து மாவாக உதிரும். மண்ணில் இருக்கும் உவர்நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. அது பூச்சுக்குள்ளேயே படிகமாகி, பூச்சை வெளியே தள்ளும். நாம் ஓதம் என்று சொல்வது இதைத்தான். இயந்திரத்தை இந்தச் சுவருக்கு எதிரே வைத்து மூன்று வாரம் ஓட்டினேன். காற்று உலர்ந்தது, சுவர் உலரவில்லை. உப்புப் பூப்பது கொஞ்சம் கூடவும் செய்தது. காற்று உலர உலரச் சுவரின் முகத்தில் நீர் வேகமாக ஆவியாகும், கீழே திரி இன்னும் வேகமாக இழுக்கும், வேறென்ன நடக்கும்? பத்தாண்டுக்கு முன் ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு அதன்மேல் சிமென்ட் பூசினோம். உள்ளே மூச்சு முட்டிய ஈரம் முழங்காலில் இருந்து இடுப்புக்கு ஏறியதுதான் கண்ட பலன். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதும், அடிச்சுவரில் ஈரத்தடுப்புப் படலம் வைப்பதும்தான் ஓதத்துக்கு மருந்து. இயந்திரத்தின் அட்டைப்பெட்டியில் 'ஓதநீக்கி' என்று அச்சடித்தால், பெயரே பொய் சொல்லிவிடும். சுவர் சரியாகும் என்று நம்பிப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பவர், பிறகு கடைக்காரரைத் திட்டுவாரா, கலைச்சொல் செய்த நம்மைத் திட்டுவாரா?

'ஈரப்பதம் நீக்கி' பற்றி. பெரம்பூர் ஆசிரியை அதைப் பாடநூல் வழக்கு என்று ஆதரிக்கிறார். எனக்குச் சிக்கல் அதில் இருக்கும் பதம். பாகுக்குப் பதம் இருப்பதுபோல் காற்றின் ஈரத்துக்கும் ஒரு பதம் இருக்கிறது. அந்த நிலையின் பெயர்தான் ஈரப்பதம். குளிர்சாதனத்தை 'வெப்பநிலை நீக்கி' என்போமா? இந்த இயந்திரம் ஒப்பு ஈரப்பதத்தை (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) 80, 85-இல் இருந்து 50, 60 சதவீதத்துக்கு இறக்கி அங்கே நிறுத்துகிறது. 60-க்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் தலைகாட்டாது. 30-க்கு இறங்கினால் தொண்டை வறளும், மரச்சாமான் விரிசல் விடும். நீக்குவதல்ல, பதத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. அதற்காக, குளிர்சாதனத்துக்குச் சிலர் சொல்லும் 'வளிபதனி' மாதிரி 'ஈரப்பதனி' என்றும் போய்விடவேண்டாம்; சென்னை வெயிலில் பதனி என்றால் பனைமரம்தான் நினைவுக்கு வரும்.

'உலர்த்தி' ஏற்கெனவே துணிக்கும் தலைமுடிக்கும் போய்விட்டது. 'ஈரமுறிஞ்சி' நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்கு: புதிய செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம், பீரோவில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பை. அவை உண்மையாகவே உறிஞ்சுகின்றன. பீரோ மட்டும்தான் பிரச்சினை என்றால் அவையே போதும், இயந்திரம் வேண்டாம்.

இப்போது இயந்திரத்துக்குள். ஒரு விசிறி அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச்சுருள்மேல் செலுத்துகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே, மோர்ச் செம்பு வியர்ப்பதுபோல, நீரை விட்டுவிடும். அது சொட்டுச் சொட்டாக அடியில் இருக்கும் கலத்தில் விழுகிறது. உலர்ந்த காற்று சூடான சுருளைக் கடந்து அறைக்கே திரும்புகிறது. ஆகையால் அறை சற்றுச் சூடாகும். எண்ணூர்த் தம்பி விளையாட்டாகச் சொன்ன 'புழுக்கநீக்கி' இங்கேதான் அடிபட்டுப்போகிறது. குளிர்சாதனமும் இதே வேலையைச் செய்து, சூட்டையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. கோடை முழுவதும் அது ஓடும் வீட்டில் இன்னொன்று தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் குளிர் வேண்டாம், ஈரம் மட்டும் போனால் போதும் என்கிறவர்களுக்குத்தான் இது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று முழுவதிலும் இருக்கும் நீர் சுமார் 700 மில்லிலிட்டர். அதை 55 சதவீதத்துக்கு இறக்க எடுக்கவேண்டியது 200 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். ஒரு தம்ளர்! எங்கள் வீட்டிலோ முதல் இரவே மூன்று லிட்டருக்கு மேல் சேர்ந்திருந்தது. மீதியெல்லாம் மெத்தை, துணி, மரக்கதவு, சுவர், ஜன்னல் இடுக்கு இவற்றிலிருந்து வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் வங்காள விரிகுடாவை இறைக்கப் புறப்பட்டதாக ஆகிவிடும்.

காலையில் அம்மா அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் பிடிக்கிற பெட்டி என்று சொல்லியிருக்கக் கூடாதா, குடத்தை வைத்திருப்பேனே" என்றார். லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த தலைமுறை. (குடிக்க ஆகாது, வீடு துடைக்கலாம்.) அதிலிருந்து 'ஈரம்பிடிப்பான்' என்று செய்யலாமா என்று யோசித்தேன். ஆனால் 'சுவர் ஈரம் பிடித்துவிட்டது' என்றால் நேர் எதிர்ப்பொருள். பிறகு அம்மா சோறு வடிக்கும்போது சொல் தானாக வந்தது. என் பரிந்துரை ஈரவடிப்பான். கலந்து நிற்கும் நீரைப் பிரித்து இறக்குவது வடித்தல்; முழுக்க வற்றவைப்பது அல்ல. வடிகால், வெள்ளம் வடிந்தது என்று வடசென்னைக்காரர் வாயில் ஆண்டுதோறும் வருகிற சொல். காற்றில் ஈரம் சேர்க்கும் எதிர் இயந்திரத்துக்கு 'ஈரமூட்டி' ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் இணையாக நிற்கும். மென்பொருளில் வடிப்பான் என்றால் ஃபில்டர், அது வேறு என்று ஒருவர் எழுதுவார் என்று தெரியும். முன்னால் ஈரம் நிற்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

இந்தச் சொல் வாங்குகிறவருக்கும் ஒரு சோதனை தருகிறது: எவ்வளவு வடிக்கும்? பெட்டியில் '20 லிட்டர்' என்று இருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் ஒரு நாளைக்கு வடிக்கும் அளவு. 27 டிகிரி, 60 சதவீதத்தில் ஏறத்தாழ பாதிதான் வரும். இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் மழைக்காலம் முதல் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் நமக்கு ஏமாற்றம் சற்றுக் குறைவு. என்னுடையது 12 லிட்டர் வகை, ஒரு படுக்கையறைக்குச் சரி; 200 வாட், பத்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் மின்சாரம். மின்சாரம் போய் வந்தால் தானாக மறுபடி ஓடுமா என்றும் கேளுங்கள், எங்கள் பக்கம் அது முக்கியம். கையடக்கமாக மலிவு விலைக்கு வரும் பெல்டியர் வகைகள் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகட்டை வைத்து ஓடுபவை) நாள் முழுவதும் ஓடி ஒன்றிரண்டு தம்ளர் தருகிறவை. அவற்றுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அறை உலராது.

வாங்குவதற்கு முன் ஓர் ஈரப்பதமானி வாங்கிவிடுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டு, கரைந்துவிடாமல் சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். சமையல் உப்பு நீர்க்கத் தொடங்கும் எல்லை அதுதான். அடுப்படியில் தூள் உப்பு ஜாடி கசிகிறது என்றால் காற்று 75-ஐத் தாண்டிவிட்டது என்று எந்த மானியும் இல்லாமலே சொல்லிவிடலாம். கல்லுப்பை நம்பவேண்டாம், அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கசிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை, நான் மொழிபெயர்க்கும் இந்த இயந்திரத்தின் கையேடு அச்சுக்குப் போகிறது. ஈரவடிப்பானுக்கு இலக்கண ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இன்னொன்றும் முடிவாகவில்லை. நீர் சேரும் பகுதிக்கு மூலத்தில் 'டேங்க்' என்று இருக்கிறது. தொட்டி என்றால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சிமென்ட் தொட்டிதான் கண்ணுக்கு வருகிறது. 'நீர்க்கலம்' என்று எழுதி அடித்துவிட்டேன். அதற்கு ஒரு கைப்பிடி இருப்பதால் இப்போதைக்கு 'வாளி' என்று போட்டிருக்கிறேன்.